இரண்டாம் ரிமோட்

கிட்டு அண்ணாச்சி முப்பிடாதியைக் கடையை விட்டு வெளியே அனுப்பியது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அதுவும் எப்படி? சட்டையில் ஏறிய பூச்சியைத் தட்டிவிடுவது போல இரண்டு விரலை ஆட்டி, "போ, போ" என்று. கேட்கிற நமக்கே கோபம் வருகிறது. பதினொரு வயது முப்பிடாதிக்கு எப்படி இருந்திருக்கும்?

கடை என்றால் வீடியோ கேம் கடை. கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் மண்டிகள் இருக்கும் தெருவில் அது ஒன்றுதான் பிள்ளைகளுக்கான கடை. உள்ளே ஒரு பெரிய டிவி, அதோடு இணைத்த விளையாட்டுப் பெட்டி, ஒரு நீளமான பெஞ்சு, இரண்டு ரிமோட்டுகள். சேனல் மாற்றுகிற ரிமோட் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்குகிற ரிமோட். அதன் வலது பக்கத்தில் நான்கு பட்டன்கள். ஒன்றில் முக்கோணம், ஒன்றில் வட்டம், ஒன்றில் சதுரம், ஒன்றில் பெருக்கல் குறி.

எல்லாரும் விளையாடுவது குஸ்தி. டிவியில் இரண்டு பயில்வான்கள் கட்டிப் புரளுவார்கள். ஒருவன் மற்றவனைத் தரையில் போட்டு அமுக்கினால், கீழே கிடப்பவன் தலைக்கு மேல் ஒரு படம் தோன்றும். அது முக்கோணமாக இருக்கலாம், வட்டமாக இருக்கலாம். படம் மறைவதற்குள் அதே பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் பயில்வான் திமிறி எழுந்துவிடுவான். தப்பாக அமுக்கினால் அவன் எழுந்திருக்க மாட்டான், ஒன்றிரண்டு தப்பிலேயே அந்தச் சுற்று போய்விடும். மூன்று சுற்றில் இரண்டு போனால் ஆட்டம் முடிந்துவிடும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். தோற்றவர் எழும்பிவிட வேண்டும். ஜெயித்தவர் கையில் முதல் ரிமோட் இருக்கும். புதிதாக வந்து உட்காருகிறவருக்கு இரண்டாம் ரிமோட்தான். யார் போட்ட சட்டமோ, யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அன்று முப்பிடாதி பாண்டியராஜனோடு மோதினாள். பாண்டியராஜன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பொங்கல் கழிந்து சில நாளிலிருந்தே அவனை அந்த பெஞ்சிலிருந்து யாராலும் எழுப்ப முடியவில்லை. பெஞ்சின் ஒரு மூலையை அவன் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் அவனைச் சாம்பியன் என்றுதான் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

ஆட்டம் தொடங்கியதும் முப்பிடாதியின் பயில்வான் கீழே விழுந்தான். அவன் தலைக்கு மேல் முக்கோணம் தோன்றியது. முப்பிடாதி சட்டென்று குனிந்து பார்த்து முக்கோணத்தை அமுக்கினாள். பயில்வான் எழவில்லை. படுத்தபடியே காலைத் தூக்கிக் காற்றில் ஒரு உதை விட்டான். அடுத்து வட்டம் தோன்றியது. வட்டத்தை அமுக்கினாள். நனைந்த சாக்கு மாதிரி அவன் அப்படியே கிடந்தான்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் நான்கு பட்டன்களையும் டக் டக் டக்கென்று மாற்றி மாற்றிக் குத்தினாள். அப்போதுதான் கிட்டு அண்ணாச்சி எழுந்து வந்தார்.

"ஏட்டி, அது பட்டனா, வத்தலா? இந்த இடி இடிக்கே?"

"திரையில முக்கோணம் காட்டுச்சு அண்ணாச்சி. முக்கோணத்தைத்தான் அமுக்குனேன். கேக்கவே மாட்டேங்கு. இந்த ரிமோட்டு பொய் சொல்லுது."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. விளையாடத் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு போக வேண்டியதுதானே, ரிமோட் பாவம் என்ன செய்யும் என்று பாண்டியராஜன் கேட்டான். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். இத்தனைக்கும் அதே இரண்டாம் ரிமோட்டைப் பிடித்துத் தோற்றவர்கள்தான் அவர்கள் எல்லாரும்.

பட்டனை இடித்து இடித்து உள்ளே இருக்கிற ரப்பரைக் கிழித்துவிடுவாள், இனிமேல் அவள் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். ரிமோட்டைக் கையில் வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்க்கலாமே? பார்க்கவில்லை. இரண்டு விரலை ஆட்டினார், அவ்வளவுதான்.

முப்பிடாதிக்கு அந்தக் கடை வெறும் விளையாட்டு மட்டும் இல்லை. அவளுடைய அம்மா ராமலட்சுமி தீப்பெட்டி செய்யும் ஆபீசில் வேலை முடித்து வீட்டைத் திறக்கும்போது இருட்டிவிடும். அப்பா தங்கசாமி, கடைக்கு எதிரே இருக்கும் வத்தல் மண்டியில் மூட்டை எடை போடுகிறார். பள்ளிக்கூடம் விட்டதும் முப்பிடாதி அப்பா வேலை முடியும் வரை காத்திருக்க வேண்டும். கேம் கடை பெஞ்சு இல்லையென்றால் மண்டியில்தான் உட்கார வேண்டும்.

மண்டியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த பெஞ்சின் அருமை தெரியும். மாசி மாதம், புது வத்தல் வரும் காலம். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மூட்டையைப் பொத்தென்று போட்டால் போதும், தெருவே தும்மும். முப்பிடாதி மூக்கைப் பாவாடையால் மூடிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். தும்மினாள். எதிர்க் கடையில் டிவி மினுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் தும்மினாள்.

என்ன விஷயம், கடைக்குப் போகவில்லையா என்று அப்பா கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். போனால் போகட்டும், ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா என்றார் அப்பா. அவர் நல்லவர்தான். ஆனாலும் அந்தப் பதிலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. செய்யாத தப்புக்கு வெளியே நிற்பது அவள்தானே.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். அவளுக்கு 'வத்தல் இடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கரும்பலகையில் கணக்குப் போடப் போனபோது சாக்பீஸ் உடைந்தது. உடனே பின் பெஞ்சிலிருந்து, மெதுவா எழுது, வத்தல் இடிக்காதே என்று ஒரு குரல் வந்தது. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பிடாதிக்கு எல்லாம் புரிந்தது.

சாயங்காலம் அவள் கேம் கடையின் பக்கவாட்டு ஜன்னல் அருகில் போய் நின்றாள். கடைக்குள் வரக்கூடாது என்றுதான் அண்ணாச்சி சொன்னார். தெரு அவருடையது இல்லை. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் டிவியும் தெரியும், இரண்டாம் ரிமோட் பிடித்திருப்பவர் கையும் தெரியும்.

கையும் திரையும் ஒன்றாகத் தெரிந்ததால் ஒரு விஷயம் பிடிபட்டது. யார் வந்து உட்கார்ந்தாலும் அவளுக்கு நடந்ததுதான் நடந்தது. திரையில் முக்கோணம் வரும். அவர்கள் முக்கோணத்தை அமுக்குவார்கள். பயில்வான் காற்றில் உதைப்பான். பிறகு எல்லாரும் அவளைப் போலவேதான் இடித்தார்கள். அவள் பெண் பிள்ளை என்பதால்தான் அவளுக்கு மட்டும் பட்டப்பெயர் கிடைத்ததோ என்னவோ.

அவள் விடவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜன்னலிலேயே நின்றாள். இடிக்கும்போது தற்செயலாக எந்தப் பட்டன் பட்டால் பயில்வான் எழுகிறான் என்று கவனித்தாள். மெல்ல மெல்ல ஒரு கணக்கு கிடைத்தது. பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். முக்கோணம் கேட்டால் வட்டம். வட்டம் கேட்டால் சதுரம். சதுரம் கேட்டால் பெருக்கல். பெருக்கல் கேட்டால் முக்கோணம்.

திங்கட்கிழமை அவளுடைய வகுப்பில் படிக்கும் திருப்பதி விளையாட வந்தான். அவனை ஜன்னலுக்குக் கூப்பிட்டு உள்ளங்கையைக் காட்டினாள். இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பையன் அவன். எதையும் ஒருமுறை கேட்டால் மனப்பாடமாகிவிடும். வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

அன்று கடையே அசந்துபோனது. திருப்பதியின் பயில்வான் விழுந்த வேகத்தில் எழுந்தான். மறுபடி விழுந்தான், மறுபடி எழுந்தான். பாண்டியராஜனின் நெற்றியில் வேர்த்தது. திருப்பதி அவனுடைய பயில்வானைத் தூக்கித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது.

சுழன்ற பயில்வான் தரைக்கு வரவே இல்லை. கரண்ட் வந்தபோது திருப்பதியின் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாளை செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை. புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அவனும் முப்பிடாதியும் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை வந்தது. திருப்பதி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முக்கோணம் வந்தது, வட்டத்தை அமுக்கினான். பயில்வான் எழவில்லை. வட்டம் வந்தது, சதுரத்தை அமுக்கினான். அதற்கும் எழவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. பெஞ்சு மறுபடியும் சிரித்தது.

திருப்பதி நேராக ஜன்னலுக்கு வந்தான்.

"ஒன் பேச்சைக் கேட்டதுக்கு எனக்கு வேணும் ஏட்டி. இனிமே எங்கிட்டப் பேசாதே."

முப்பிடாதிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டில் கோபம்தான் பெரியதாக இருந்தது. ஏமாற்றிய ரிமோட்டை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உதவி செய்யப் போனவளுக்குத் திட்டு. இது என்ன நியாயம்?

ஆனால் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். திங்கட்கிழமை வட்டத்தை அமுக்கியபோது திருப்பதியின் கட்டைவிரல் மேலே போனது. இன்று அதே வட்டத்தை அமுக்கியபோது கட்டைவிரல் கீழே போனது. அப்படியானால் வட்டம் இடம் மாறியிருக்கிறது. பட்டன் தானாக நடந்து போகுமா?

இன்னொன்றும் நினைவு வந்தது. பொங்கல் முடிந்ததும்தான் பழைய இரண்டாம் ரிமோட் கெட்டுப்போய், அண்ணாச்சி மதுரைக்குப் போய் இந்த டூப்ளிகேட் ரிமோட்டை வாங்கி வந்தார். வந்த புதிதில் எல்லாரும் மாறி மாறித்தான் ஜெயித்தார்கள். அப்போது பாண்டியராஜன்கூட எத்தனையோ தடவை எழும்பியிருக்கிறான். திங்கட்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் இருப்பது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அந்தக் கடையில் என்ன நடக்கிறது?

அதைத் தெரிந்துகொள்ள அவள் மேலும் ஒரு வாரம் வத்தல் மூட்டை நடுவில் தும்ம வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கடையின் முன்கதவு மூடியிருந்தது. பின்பக்கம் சுற்றிப் போனாள். கிட்டு அண்ணாச்சி முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு டம்ளரில் சோப்புத் தண்ணீர். விரித்த செய்தித்தாளில் இரண்டு ரிமோட்டுகளும் திறந்து கிடந்தன. பட்டன்களைக் கழுவித் துடைத்துக் காயவைத்திருந்தார்.

அண்ணாச்சி சுத்தமான மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். எதிர் மண்டியிலிருந்து வத்தல் தூசி பறந்து வந்து எல்லாவற்றிலும் படியும். பட்டனைத் தொட்ட கையால் பிள்ளைகள் கண்ணைக் கசக்கினால் எரியுமே என்று வாரம் தவறாமல் கழுவுகிறார். அதெல்லாம் சரிதான். அவர் பட்டன்களைத் திரும்ப மாட்டும் அழகைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ரிமோட் கம்பெனி ரிமோட். அதில் ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு வெட்டு இருந்தது. அதன் அதன் குழியில்தான் அது உட்காரும். இரண்டாம் ரிமோட்டில் வெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்தப் பட்டனும் எந்தக் குழியிலும் உட்கார்ந்தது. அண்ணாச்சி முக்கோணத்தை எடுத்தார். சற்று யோசித்தார். போன வாரம் இருந்த குழியை விட்டுவிட்டு வேறொரு குழியில் வைத்தார்.

முப்பிடாதியால் சும்மா நிற்க முடியவில்லை.

"அண்ணாச்சி, பட்டனை ஏன் இடம் மாத்துதீங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தவர், அவளைப் பார்த்ததும் பெருமையாகவே விளக்கினார். அவருடைய அண்ணன் மினி லாரி ஓட்டுகிறார். லாரி டயரை அவ்வப்போது முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டால்தான் ஒரே மாதிரி தேயும். பட்டனும் அப்படித்தான். பிள்ளைகள் மேல் பட்டனையே அதிகமாக அமுக்குகிறார்கள், அதனால் வாரம் ஒன்றை மேலே வைக்கிறார். முதல் ரிமோட்டில் அந்த வசதி இல்லையாம். இரண்டாவதுதான் தோதான ரிமோட்டாம்.

"அப்ப அதுல போட்டிருக்க படமெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?"

"அது டிசைன் ஏட்டி. சேலைக்குக் கரை போடுத மாதிரி."

முப்பிடாதி ரிமோட் அருகில் வந்து நின்றாள். ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் தோற்றதும், அவள் தும்மிக்கொண்டு கிடந்ததும், பட்டப்பெயரும் எல்லாம் இந்த டிசைனால்தானா? அவள் படபடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். திரை படத்தைக் காட்டித்தான் எந்தப் பட்டன் என்று சொல்கிறது. படம் இடம் மாறினால் திரை சொல்வது ஒன்று, கை செய்வது வேறொன்று ஆகிவிடும். முதல் ரிமோட் பிடித்தவரிடம் மட்டும் டிவி உண்மை பேசுகிறது.

அண்ணாச்சி சிரித்தார். அவர் வாழ்க்கையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவருக்கு எல்லாம் ஒன்றுதான். தோற்றுப்போனதற்கு அவர் ரிமோட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் படி என்றார்.

முப்பிடாதி அங்கேயே நின்றாள். அவளுக்கு இப்போது இரகசியம் தெரியும். படத்தைப் பார்க்காமல், மேல், கீழ், இடது, வலது என்று இடத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்த வாரமும் இரண்டாம் ரிமோட்டாலேயே ஜெயிக்கலாம். ஜெயித்தால் முதல் ரிமோட் அவள் கைக்கு வரும். அப்புறம் வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் தோற்பார்கள். அவளும் சாம்பியன் ஆகிவிடலாம்.

அதை நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. திருப்பதி மறுபடி வந்து அதே பொய் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு முழிப்பான். இவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிக்க வேண்டும். சே, என்ன பிழைப்பு அது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. நாளைக்கு ஒரு ஆட்டம் மட்டும் பாண்டியண்ணன் ரெண்டாம் ரிமோட்டு பிடிக்கட்டும். நான் முதல் ரிமோட்டு பிடிக்கேன். தோத்தா இந்த ஜன்னல் பக்கம்கூட வர மாட்டேன்."

இவள் தொல்லை ஒழிந்தால் சரி என்று அண்ணாச்சி தலையாட்டினார்.

புதன்கிழமை கடையில் உட்கார இடம் இல்லை. திருப்பதிகூட வந்திருந்தான், அவளோடு பேசாமல் மூலையில் நின்றான். எந்த ரிமோட்டைக் கொடுத்தாலும் ஜெயிப்பது தான்தான் என்று பாண்டியராஜன் பெருந்தன்மையாக இரண்டாம் ரிமோட்டை எடுத்துக்கொண்டான். முப்பிடாதி முதல் ரிமோட்டைக் கையில் வாங்கினாள். அது அவள் கைக்குப் பழக்கமே இல்லை.

தொடக்கமே சரியில்லை. அவளுடைய பயில்வான் விழுந்தான். முக்கோணம் தோன்றியது. இதுவும் ஏமாற்றிவிடுமோ என்று அவள் ஒரு கணம் தயங்கினாள். அதற்குள் படம் மறைந்துவிட்டது. முதல் சுற்று போயிற்று. ஜன்னலில்கூட நிற்க முடியாத சாயங்காலங்கள் வரிசையாக அவள் கண் முன்னால் வந்தன. வத்தல் மூட்டைகளும் கூடவே வந்தன.

அடுத்த சுற்றில் மறுபடி விழுந்தாள். வட்டம் தோன்றியது. வட்டத்தை அமுக்கினாள். பயில்வான் திமிறி எழுந்தான். காட்டினதை அமுக்கினால் சொன்னபடி எழுகிறான். இவ்வளவு சுலபமா இது? அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, இன்னும் கோபம்தான் வந்தது. இந்தச் சுலபத்தை இத்தனை நாள் ஒருத்தன் மட்டும் அனுபவித்திருக்கிறான்.

அவள் பாண்டியராஜனின் பயில்வானைக் கீழே தள்ளி அமுக்கினாள். அவன் தலைக்கு மேல் சதுரம் வந்தது. பாண்டியராஜன் குனிந்து பார்த்து அமுக்கினான். பயில்வான் காற்றில் உதைத்தான். மறுபடி அமுக்கினான், மறுபடி உதைத்தான். அந்தச் சுற்று முப்பிடாதிக்கு. கடைசிச் சுற்றில் பாண்டியராஜன் இரண்டு கட்டைவிரலாலும் நான்கு பட்டன்களையும் போட்டுக் குத்த ஆரம்பித்தான். அவள் இடித்ததைவிட இரண்டு பங்கு வேகம். அப்படியும் தோற்றான்.

"இது கள்ள ரிமோட்டு அண்ணாச்சி. திரையில ஒண்ணு காட்டுது, இங்கன வேற ஒண்ணு நடக்கு. பொய் சொல்லுது."

அண்ணாச்சி உடனே எழுந்து வந்தார். ரிமோட்டை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கு பட்டன்களையும் உற்றுப் பார்த்தார். முதல் ரிமோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

முப்பிடாதிக்கு அதுதான் தாங்கவில்லை. ஜெயித்ததைக்கூட மறந்துவிட்டாள். எழுந்து நின்றாள்.

"இதையேதான் நானும் சொன்னேன் அண்ணாச்சி. இதே வார்த்தை. பாண்டியண்ணன் சொன்னதும் வாங்கிப் பாக்கீங்க. நான் சொன்னப்ப வெளிய போகச் சொன்னீங்க."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி இரண்டு ரிமோட்டையும் மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"தப்புதான் தாயி. அன்னைக்கே வாங்கிப் பாத்திருக்கணும்" என்றார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து அவளிடமே நீட்டினார். எது எங்கே இருக்க வேண்டும் என்று அவளே பார்த்து மாட்டச் சொன்னார். முப்பிடாதி முதல் ரிமோட்டைப் பார்த்துப் பார்த்து முக்கோணத்தை மேலேயும், பெருக்கலைக் கீழேயும், சதுரத்தை இடதிலும், வட்டத்தை வலதிலும் வைத்தாள். திருப்பதி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிய திருகாணிகள் உருண்டு ஓடாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணாச்சிக்கு மறந்துபோனால் என்ன செய்வது? மறுநாள் முப்பிடாதி வீட்டிலிருந்து நகப்பாலிஷ் கொண்டு வந்தாள். ரிமோட்டில் ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் அந்தந்தப் படத்தைச் சிவப்பாகச் சின்னதாக வரைந்தாள். இனிமேல் எத்தனை தடவை கழுவினாலும் எந்தப் பட்டன் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று ரிமோட்டே சொல்லிவிடும். அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது நல்ல டிசைன் என்றார். முப்பிடாதி முறைத்த முறைப்பில் அதைச் சட்டென்று கீழே வைத்தார். புதிதாக வருகிறவர்தான் தனக்கு எந்த ரிமோட் வேண்டும் என்று முதலில் எடுக்கலாம் என்று அன்றே புது வழக்கமும் போட்டுவிட்டார்.

பாண்டியராஜன்தான் பாவம், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் சாம்பியன் என்று கூப்பிடவில்லை.

"அப்ப நான் இத்தனை நாள் ஜெயிச்சதெல்லாம் சும்மாவா?" என்று முப்பிடாதியிடம் மெதுவாகக் கேட்டான்.

அவன் ஏமாற்றியிருந்தால் அவள் நன்றாகக் கேட்டிருப்பாள். அவனுக்கும் தெரியாதுதானே. "எனக்கெப்படித் தெரியும் பாண்டியண்ணே. வாங்க, ஆடிப் பாத்துருவோம்" என்றாள்.

அவள் நகப்பாலிஷ் போட்ட இரண்டாம் ரிமோட்டையே எடுத்துக்கொண்டாள். இருவரும் உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு குஸ்தியை அந்தக் கடை பார்த்ததில்லை. அவன் தள்ளினால் அவள் எழுந்தாள், அவள் தள்ளினால் அவன் எழுந்தான். திருப்பதி நகத்தைக் கடித்தான். எதிர் மண்டியிலிருந்து தங்கசாமிகூடத் தராசை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். கடைசிச் சுற்றில் முப்பிடாதியின் பயில்வான் விழுந்தான். சதுரம் தோன்றியது. அவசரத்தில் அவள் விரல் வட்டத்தில் பட்டுவிட்டது.

பாண்டியராஜன் ஜெயித்தான். நிஜமாகவே ஜெயித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அண்ணாச்சிக்கு மனது கேட்கவில்லை. அவள் எழும்ப வேண்டாம், இன்னொரு ஆட்டம் ஆடட்டும், காசு வேண்டாம் என்றார்.

"அதெப்படி அண்ணாச்சி? சதுரம் காட்டுச்சு, நான் வட்டத்தை அமுக்கிட்டேன். நான்தான் தோத்தேன்."

சொல்லும்போதே அவளுக்கு மனது லேசாக இருந்தது. ரிமோட்டைத் திருப்பதி கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். நேராகப் போய் பெஞ்சின் கடைசியில், தன் முறை மறுபடி எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்துகொண்டாள்.